மதினிக்குக் கொடுத்த ஃபவுல்

விசிலை ஊதி முடித்த பிறகுதான், யாருக்கு எதிராக ஊதியிருக்கிறோம் என்பது எனக்கு உறைத்தது. எங்கள் ஊர் அந்தோணியார் கோயில் திருவிழா. கோயில் தெருப் பெண்களுக்கும் கிணற்றடித் தெருப் பெண்களுக்கும் வாலிபால் போட்டி. ஆட்டம் முடியப்போகிற கட்டம், இரண்டு பக்கமும் சமப் புள்ளி. கோயில் தெருவின் முன்வரிசையில் நின்ற என் மதினி, அதாவது என் அண்ணனின் மனைவி, எழும்பி ஓங்கி ஒரு அடி அடித்தார். பந்து எதிர்ப்பக்க மூலையில் மணலைக் கிளப்பிக்கொண்டு விழுந்தது. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. ஆனால் மதினியின் தோளில் கிடந்த நீலத் துண்டு நெட்டின் மேல்கயிற்றில் மாட்டிக்கொண்டது. அவர் கீழே இறங்கும்போது நெட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கினார். எதிரே பந்தைத் தடுக்க எழும்பியவர் அதில் சிக்கித் தடுமாறினார். உயரமான ஸ்டூலில் அம்பயராக நின்றிருந்த நான் விசிலை ஊதி, கிணற்றடித் தெருப் பக்கம் கையை நீட்டினேன்.

அந்தத் துண்டு எப்படி அங்கே வந்தது என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. எங்கள் பக்கம் நைட்டி போட்ட பெண் வாசலைத் தாண்டினால் தோளில் ஒரு துண்டு விழ வேண்டும். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனாலும் தண்ணீர் பிடிக்க, கடைக்குப் போக, பக்கத்து வீட்டில் சண்டை பிடிக்கக்கூடத் துண்டு இல்லாமல் ஒருத்தியும் இறங்க மாட்டாள். வாலிபால் ஆடவும் அப்படியே இறங்கினார்கள். எழும்பும்போது ஒரு கை பந்துக்கு, ஒரு கை துண்டுக்கு. திருவிழாப் போட்டி உறுதியானதும், யூனிஃபார்ம் இல்லாமல் எப்படி ஆடுவது என்று ஒரு பேச்சு வந்தது. எல்லோருமாகச் சேர்ந்து பஸ் ஏறி ராமேஸ்வரம் கடைவீதிக்குப் போய், கோயில் தெருவுக்கு நீலத் துண்டும் கிணற்றடித் தெருவுக்கு ரோஸ் துண்டும் வாங்கி வந்தார்கள். ஆட்டத்துக்கு இடைஞ்சலாக இருந்த ஒரே சாமானையே யூனிஃபார்ம் ஆக்கிய அணிகள் உலகத்தில் எங்கள் ஊரில் மட்டும்தான் இருந்திருக்கும். நான் ராமநாதபுரத்தில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. விளையாட்டைப் படித்துப் பட்டம் வாங்கியவள். நானும் துண்டுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிறம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னேன்.

எங்கள் ஊர் பாம்பனுக்குப் பக்கத்தில், கடலை ஒட்டி இருக்கிறது. கோயிலுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்வெளி. பகலில் அது கருவாட்டுக் களம். மதினியும் தெருப் பெண்களும் காரல் மீனையும் நெத்திலியையும் பரப்பி, காக்கையையும் நாயையும் விரட்டி, வெயில் தாழ்ந்ததும் வாரிக் கூடையில் அள்ளிக்கொண்டு போவார்கள். அவர்கள் போன சூட்டோடு ஆண்கள் வந்து நெட்டைக் கட்டுவார்கள். இருட்டும்வரை வாலிபால். அதே மணல், அதே நாள். பகலில் அங்கே நிற்கிறவர்களுக்குச் சாயங்காலம் அங்கே இடமில்லை என்பது அதுவரை யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. அந்த மணலில்தான் நானும் ஆடக் கற்றேன். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு நுழைந்துவிட்டேன். மதினிக்கு அப்படி நுழைத்துவிட ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் நன்றாக ஆடியவர், பெரிய மனுஷியான வாரத்தோடு பந்தைத் தொடவில்லை என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அதைச் சொன்னபோது வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

வருஷத்தில் இரண்டு மாதம், மீன் இனம் பெருகுவதற்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. தடைக்காலம். ஊரில் ஆண்கள் எல்லோரும் கரையில் இருப்பார்கள். வலை பழுதுபார்ப்பது போக மீதிப் பொழுதில் சீட்டும் வாலிபாலும்தான். பெண்களுக்கு வேலை குறையும். நாட்டுப்படகில் வருகிற கொஞ்ச மீனைக் காயப்போட எத்தனை பேர் வேண்டும்? களம் முக்கால்வாசி காலியாகக் கிடக்கும். அப்படி ஒரு தடைக்காலத்தில்தான், சில வருஷங்களுக்கு முன், மதினி மன்றத்துக்குப் போனார். கிரவுண்டும் திருவிழாப் போட்டிகளும் இளைஞர் மன்றத்தின் பொறுப்பு. அதன் செயலாளர் மதினிக்குத் தம்பி முறை. நானும் கூடப் போயிருந்தேன்.

"பொம்பளைகளுக்குத்தான் மியூசிக்கல் சேர் வச்சிருக்கோம்ல யக்கா. எலுமிச்சம்பழம் ஸ்பூன் வேற இருக்கு. போன வருசம் நீங்கதான பிளாஸ்டிக் வாளி ஜெயிச்சீக?" என்றார் செயலாளர்.

"அந்த வாளியிலதான்டா தம்பி கருவாட்டுக்கு உப்பு கலக்குறேன். விளையாண்டு வாங்குனதும் வேலைக்கே போயிருச்சு" என்றார் மதினி. பிறகு கேட்க வந்ததைக் கேட்டார். "வாரத்துல ரெண்டு சாயங்காலம் கிரவுண்ட எங்களுக்கு விடுங்க. நாங்க வாலிபால் ஆடணும்."

செயலாளர் கெட்டவரில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, திருவிழாவில் ஆண்கள் ஃபைனலுக்கு முன்னால் ஒரு மேட்ச் ஆடிக் காட்டுங்கள், நல்லபடியாக நடந்தால் ரெண்டு சாயங்காலத்தைப் பற்றிப் பேசலாம் என்றார். மதினி அதைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவருக்கு அந்த ரெண்டு சாயங்காலம்தான் பேச்சு, மூச்சு எல்லாம். காலையில் மீன் வருவதற்கு முன்னால் களத்தில் பழகினார்கள். பிள்ளை பெற்றவர்கள், முழங்கால் வலிக்காரர்கள், மருமகள் எடுத்தவர்கூட ஒருவர் இருந்தார். பந்து அடிக்கடி கடலுக்குள் போய்விடும். நைட்டியை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு யாராவது எடுத்து வருவார்கள். சிரிப்புச் சத்தம் கோயில்வரை கேட்கும்.

அதை யாரோ சுவர் மறைவிலிருந்து செல்போனில் பிடித்து, வடிவேலு வசனம் மாதிரி எதையோ பின்னால் ஓடவிட்டு ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள். ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பந்தைத் தேடும் பெண்கள். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. சவுதியில் இருக்கும் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுப் போனிலேயே மனைவியைக் கத்தித் தீர்த்தார். அந்தப் பெண் மறுநாளிலிருந்து வரவில்லை. என் அண்ணன் விசைப்படகுத் தொழிலாளி, அந்தக் காலத்தில் ஊர் அணியில் பெயர் வாங்கிய ஆட்டக்காரர். அவரும் போனை நீட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். "ஊரே பாத்துச் சிரிக்கிது. இதெல்லாம் தேவையா?" என்றார். மதினி கையைத் துடைத்துவிட்டுப் போனை வாங்கினார். முழுவதும் பார்த்தார். திரும்பவும் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தார். "இங்கன பாருங்க. பந்து தலைக்கு மேல வந்தப்பறம்தான் நான் எழும்புறேன். அதான் நெட்டுலயே போயி அடிக்குது" என்றார். அண்ணன் கிட்டே வந்தார். ஆட்டக்காரர் அல்லவா, கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "ரெண்டு எட்டு பின்னால இருந்து ஓடி வரணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

இந்த இடத்தில் என் எரிச்சல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலையின் பொருட்டு விளையாட்டு சம்பந்தமான கூட்டங்களுக்குப் போய் உட்காருகிறேன். பதக்கம், திறமையைக் கண்டுபிடிப்பது, சிறுமிகளை ஊக்குவிப்பது என்று நல்ல நல்ல பேச்செல்லாம் பேசுகிறார்கள். நாற்பது வயதுப் பெண்ணுக்கு விளையாட ஆசை இருக்கும் என்று ஒருவரும் வாய் தவறிக்கூடச் சொன்னதில்லை. அந்தத் திட்டங்களில் அவள் டிபன் பாக்ஸ் கட்டிக்கொடுக்கும் அம்மாவாக மட்டும் வருவாள். எங்கள் ஊருக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு கடற்கரை விடுதி வந்திருக்கிறது. வெளியூர்ப் பெண்கள் அங்கே தங்கி, கடலில் துடுப்புப் படகு ஓட்டி, பலகையில் நின்று சறுக்கி, மனதை லேசாக்கிக்கொண்டு போகிறார்கள். போகட்டும், நல்லதுதான். எங்கள் தெருப் பெண்கள் சிலர் அங்கே போர்வை துவைக்கப் போகிறார்கள். ஓய்வு என்பது காசு கொடுத்து வாங்குகிற சரக்காக ஆனபிறகு, பக்கத்திலேயே இருப்பவளுக்கு அது மிகத் தூரமாகிவிடுகிறது. மதினி கேட்டதோ சும்மா கிடக்கிற மணலில் ரெண்டு சாயங்காலம்.

திருவிழா நாளில் துண்டுகளை இரண்டு தோளிலும் ஊக்குப் போட்டுக் குத்திக்கொண்டு வந்தார்கள். மைக்கில் பெயர்கள் சொன்னபோது கூட்டம் சிரித்தது. முதல் சில பந்துகளுக்கும் சிரித்தது. பிறகு ஒரு பந்து நெட்டைத் தாண்டி அங்கும் இங்குமாக நெடுநேரம் விழாமலே போய் வந்தது. அது விழுந்தபோது யாரும் சிரிக்கவில்லை, கைதட்டினார்கள். அதற்குப் பிறகு அது மேட்ச். பொட்டலம் கடலையைக் கையில் வைத்துக்கொண்டு தின்ன மறந்து நின்றார்கள். புள்ளிகள் ஏறி, சமமாகி, மதினியின் அந்த அடி வந்தது. அவர் துண்டைப் பிடிக்காமல் இரண்டு கையையும் வீசி எழும்பியது அன்றைக்கு அதுதான் முதல் முறை. ஊக்குத் தெறித்துவிட்டது.

நான் கையை நீட்டியதும் ஊர் என்மேல் பாய்ந்தது. "துண்டுதான பட்டுச்சு, விடு டீச்சர்!" "பொம்பளைக விளையாட்டுல என்னத்துக்கு ரூல்ஸு!" "ரெண்டு பக்கமும் ஜெயிச்சதா சொல்லிட்டு எல்லாத்துக்கும் ஆளுக்கொரு குடத்தக் குடுத்துருங்க!" செயலாளரும் கீழே வந்து நின்று, மறுபடி ஆடச் சொல்லிவிடலாம் என்று கண்ணைக் காட்டினார். ரெண்டு சாயங்காலம் என்கிற பேச்சு என் மனதில் ஓடாமல் இல்லை. விதி எனக்குத் தெரியும். துண்டு பட்டது மட்டுமில்லை, நெட்டை இழுத்து எதிராளியின் ஆட்டத்தைக் கெடுத்துவிட்டது. ஆனால் மதினியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மதினி கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "ஏலே, சத்தம் போடாதீக. துண்டு பட்டது பட்டதுதான். அவ சரியாத்தான் ஊதுறா" என்று சொல்லிவிட்டு, நெட்டிலிருந்து துண்டை உருவி மறுபடி தோளில் போட்டுக்கொண்டு தன் இடத்தில் போய் நின்றார். அடுத்த புள்ளியும் கிணற்றடித் தெருவுக்கே போனது. கோயில் தெரு தோற்றது.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குத் தயங்கித் தயங்கித்தான் போனேன். மதினி உற்சாகமாக ஆட்டுக்கறி கிளறிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கிற தோரணையில் நான் ஏதோ ஆரம்பித்ததும் கரண்டியை நிறுத்திவிட்டார்.

"என்னத்துக்கு வருத்தப்படுற? இத்தன வருசமா சேரச் சுத்தி ஓடிருக்கேன், ஸ்பூன வாயில கவ்விக்கிட்டு நடந்துருக்கேன். ஒருத்தராச்சும் எனக்கு ஃபவுல் குடுத்துருக்காகளா? விழுந்தாலும் கைதட்டு, ஏமாத்துனாலும் கைதட்டு. கடைசில எல்லாத்துக்கும் ஒரு வாளி. இன்னைக்குத்தான் ஒருத்தி நான் செஞ்சது தப்புன்னு விசிலு ஊதுறா. அப்பத்தான் தாயி எனக்கே தோணுச்சு, நாம நெசமாவே விளையாடுறோம்னு."

விளையாட்டைப் பற்றி நான் படித்த புத்தகங்களில் இது இல்லை. விட்டுக்கொடுப்பது அன்பு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சலுகை காட்டுகிறவர்கள், உன் ஆட்டத்தை நான் ஆட்டமாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள் என்பது அன்று அடுப்புப் புகைக்கு நடுவில் புரிந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆனால் மன்றம் அசைந்து கொடுக்கவில்லை. கூட்டத்தில் பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்களாம். துண்டு நெட்டில் மாட்டி யாராவது கழுத்தை முறித்துக்கொண்டால் யார் பதில் சொல்வது என்று கேட்டார்களாம். செயலாளர் வாசலில் நின்று நயமாகவே சொன்னார். "டீ-ஷர்ட்டு, டிராக் பேன்ட்டு போட்டு ஒழுங்கா வாங்க யக்கா. அன்னைக்கே கிரவுண்டு தாரோம்." எங்கள் தெருவில் பிள்ளை பெற்ற பெண் எவளும் அதைப் போட்டுக்கொண்டு வாசல் தாண்ட மாட்டாள் என்று அவருக்கும் தெரியும், மதினிக்கும் தெரியும். திருவிழா முடிந்த கையோடு தடைக்காலமும் முடிந்தது. படகுகள் போய்விட்டன. இனி வேலைதான், ஆட்டமாவது ஒன்றாவது என்று நான் நினைத்துக்கொண்டு ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போனபோது களம் நிறையக் கருவாடு. வெயில் தாழ்ந்திருந்தது. பெண்கள் வாரி முடிக்கிற நேரம். வெயிலும் உப்பும் படாமலிருக்க ஒவ்வொருத்தியும் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையை நைட்டிக்கு மேலே மாட்டி, பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தாள். துண்டு தலைப்பாகையாகத் தலையில் ஏறியிருந்தது. இந்தப் பக்கத்தில் அதுதான் வேலைக்கோலம். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற கோலம். ஆண்கள் பந்தோடு வந்து, அவர்கள் கிளம்புவதற்காகக் காத்து நின்றார்கள். மதினி கூடையைத் தூக்கப் போனவர் நின்றார். தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். பக்கத்தில் நின்ற பெண்களைப் பார்த்தார். பிறகு கூடையை ஓரமாக வைத்துவிட்டுச் செயலாளர் கையிலிருந்த பந்தை வாங்கிக்கொண்டார்.

"யக்கா, டிரெஸ்ஸு..." என்று செயலாளர் இழுத்தார்.

"இந்தச் சட்டையோட காலையில இருந்து இங்கனதான நிக்கிறேன். உன் கண்ணுக்கு முன்னாலதான கருவாடு காயப்போட்டேன். அப்பக் கூசாத கண்ணு இப்ப மட்டும் கூசுதா? வேலைக்கு ஆகுற சட்டை விளையாட்டுக்கு ஆகாதா?"

மற்றப் பெண்களும் கூடைகளை ஓரமாக வைத்தார்கள். துண்டு தோளில் இல்லை. மாட்டுவதற்கு எதுவும் இல்லை. திருவிழா என்றதும் வேலைச் சட்டையைக் கழற்றி வீசிவிட்டுப் புதுத்துண்டு வாங்க ஓடியவர்கள் அவர்கள்தான். உடம்பிலேயே இருந்த உடுப்பு அவர்கள் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும் படவில்லை. பின்னால் நின்ற ஒரு பெரியவர்தான், "அட, ஆடிட்டுப் போகட்டும்ப்பா. நாம செத்த நேரம் உக்காருவோம்" என்று மணலில் உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். கருவாட்டு வாடையோடு அந்தப் பெண்கள் ஆடிய ஆட்டத்தில் இரண்டு கையும் மேலே போயின.

இப்போது செவ்வாயும் சனியும் அவர்களுக்கு. எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மீன் அதிகம் பட்ட நாளில் கை ஓய்ந்து, ஆட ஆள் சேராது. என் பள்ளியில் நன்றாக ஓடுகிற பெண்களை இன்றைக்கும் பெற்றோர் பாதியில் நிறுத்துகிறார்கள், நான் வீடு வீடாகப் போய்ச் சண்டை போடுகிறேன். சவுதிக்காரரின் மனைவி இன்னும் ஆட வரவில்லை. ஆனால் ஓரத்தில் உட்கார்ந்து புள்ளி சொல்ல வருகிறார். அவர் குரல்தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கேட்கிறது. திருவிழாவில் மியூசிக்கல் சேர் இன்னும் இருக்கிறது, அதில் இப்போது சில ஆண்களும் ஓடுகிறார்கள்.

இந்த வருஷத் திருவிழாவுக்கும் நான்தான் அம்பயர். ஒரு கட்டத்தில் மதினி அடித்த பந்து கோட்டை ஒட்டி விழுந்தது. வெளியே என்று கை காட்டினேன். கூட்டம் இரண்டாகப் பிரிந்து கத்தியது. விடு டீச்சர், பொம்பளைக விளையாட்டுதானே என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. கோட்டில் பட்டது, படவில்லை என்று ஒருவர் கழுத்தை ஒருவர் பிடிக்காத குறை. அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, வேட்டியை மடித்துக் கட்டியபடி என் அண்ணன் வந்தார். ஸ்டூலுக்குக் கீழே நின்று, "கண்ணு தெரியிதா இல்லையா ஒனக்கு? லைன்ல விழுந்த பந்த அவுட்டுங்கிற! யாருகிட்ட வாங்கித் தின்ன?" என்று கூடப் பிறந்தவளென்றும் பாராமல் ஊர் முன்னால் கேட்டார். இறங்கு, மணலில் பந்து பட்ட தடத்தைப் பார்ப்போம் என்றார். நான் இறங்கவில்லை. பந்து வெளியேதான் விழுந்தது.

ஆட்டம் முடிந்தும் அண்ணன் என்னோடு பேசவில்லை. நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். வழியனுப்ப வந்த மதினிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆட்டத்துக்குப் போட்டிருந்த அண்ணனின் பழைய சட்டைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அவுட்டுதான், எனக்கே தெரியும். அவருகிட்டச் சொல்லிராத" என்றார். "கலியாணம் கட்டி இத்தன வருசத்துல அந்த மனுசன் எனக்காகச் சண்டைக்கு வந்தது இன்னைக்குத்தான். ரெண்டு நாளைக்கு அவரு கோவமாவே இருக்கட்டும்."